தாத்தாவின் சிட்ரோனில் இருக்கும் மஞ்சள் விளக்கு ஒரிஜினலா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தாத்தா பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். 1953-இல் அவர் வாங்கிய சிட்ரோன் டிராக்ஷன் 11 பிஎல் கார் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இடதுபக்க ஸ்டியரிங். பம்பருக்கு மேலே இரண்டு மஞ்சள் ஃபாக் லைட்டுகள். ஒன்றில் மார்ஷால் என்றும் இன்னொன்றில் லூகாஸ் என்றும் இருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு கடிகாரம், பக்கத்தில் ஒரு புனிதர் தகடு. சென்னையிலிருந்து வண்டி பார்க்க வந்தவர், இதெல்லாம் பிறகு மாட்டியது, ஒரிஜினல் இல்லை, வேண்டுமானால் விளக்குகளை மட்டும் தனியாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். எது ஒரிஜினல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதல் வேலையாக, விளக்கைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். பாலிஷும் போடாதீர்கள். ஒரிஜினல் இல்லாத விளக்கு அவருக்கு எதற்காம்?

ஒரிஜினல் என்ற பேச்சிலேயே மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தொழிற்சாலையில் மாட்டியது ஒன்று. வண்டியை விற்ற டீலர் மாட்டிக் கொடுத்தது இன்னொன்று. அதே காலத்தில் சொந்தக்காரர் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டது மூன்றாவது. டிராக்ஷனில் நீங்கள் பார்க்கும் கூடுதல் சாமான்களில் பெரும்பாலானவை இரண்டாவது, மூன்றாவது வகைதான். ஃபாக் லைட், மேல் கேரியர், சக்கரத்துக்கும் பம்பருக்கும் போடும் குரோம் அலங்காரம் எல்லாம் பிரான்சில் தனிக் கம்பெனிகள் செய்து விற்றவை. மார்ஷால், சிபியே ஆகியவை விளக்குக்குப் பேர்போனவை, குரோம் அலங்காரத்துக்கு ரோப்ரி. ஆகவே "தொழிற்சாலையில் வந்ததா?" என்று கேட்டால் பதில் அநேகமாக இல்லை என்றுதான் வரும். "இந்த வண்டியில் எப்போது ஏறியது?" என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் கேள்வி. அதற்கு விடை விளக்கின் பெயரில் இல்லை, விளக்குக்கு அடியில் இருக்கிறது.

அதற்கு முன் வண்டியின் வயதை உறுதி செய்துகொள்ளுங்கள். டிராக்ஷன் 1934 முதல் 1957 வரை வந்த மாடல். பிரான்சில் அபூர்வமே இல்லை, ஏழரை லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். நம் ஊரில்தான் அபூர்வம். 1952 நடுவில் டிக்கியைப் பெரிதாக, புடைத்தாற்போல் மாற்றினார்கள், வைப்பரையும் கண்ணாடியின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். உங்கள் வண்டியில் டிக்கி தட்டையாக, ஸ்பேர் வீல் வெளியே தெரிகிறபடி இருந்தால், தாத்தா 1953-இல் வாங்கியிருந்தாலும் வண்டி அதற்கு முன்பே செய்தது. போனட்டுக்குள் இருக்கும் தகட்டின் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிட்ரோனின் பழைய வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அமைப்பான லாவான்த்யூர் சிட்ரோனுக்கு எழுதி, வண்டி தயாரான தேதிக்குச் சான்று கேட்கலாம். டீலர் மாட்டிய விளக்கெல்லாம் அதில் வராது.

இடதுபக்க ஸ்டியரிங் என்பதால் பாரிஸ் வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஸ்லௌ என்ற ஊரிலும் டிராக்ஷன் செய்தார்கள். அவை வலதுபக்க ஸ்டியரிங், 12 வோல்ட், இங்கிலாந்துக் கம்பெனியான லூகாஸின் எலக்ட்ரிக் சாமான், மரப்பலகை டாஷ்போர்டு. பாரிஸ் வண்டி 6 வோல்ட். உங்கள் புதிர் இங்கேதான் ஆரம்பிக்கிறது: பாரிஸ் வண்டியில் லூகாஸ் எப்படி வந்தது?

பகல் வெளிச்சத்தில் ஒரு லென்ஸும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மார்ஷால் கண்ணாடியின் ஓரத்தில் அச்சு வாசகங்கள் இருக்கும். 'ப்ரெவெத்தே' (காப்புரிமை பெற்றது) என்ற சொல்லோடு எஸ், ஜி, டி, ஜி என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது 1968-க்கு முந்தைய பழக்கம். அந்த வருடத்தோடு பிரெஞ்சுக் காப்புரிமைச் சட்டம் அந்தக் குறிப்பை விட்டுவிட்டது. ஒரு வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் 2 என்ற எண்ணும் இருந்தால் கதை வேறு. அது 1958-இல் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு வந்த முத்திரை, 2 என்பது பிரான்ஸ். அந்தக் கண்ணாடி 1953-இல் வண்டியில் இருந்திருக்க முடியாது. கண்ணாடி உடைந்து மாற்றியிருக்கலாம் என்பதால் விளக்கின் உடலையும் தனியாகப் பாருங்கள். மஞ்சள் நிறத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிரான்சில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம்.

அப்புறம் பிராக்கெட். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஒரே ஒரு பிராக்கெட்டைத் தளர்த்தி, சற்று நகர்த்திப் பாருங்கள். அந்தக் கால டிராக்ஷன் பெரும்பாலும் கறுப்பு. பிராக்கெட்டுக்கு அடியில் முதல் கறுப்புப் பெயின்ட் மட்டும் இருந்து, சுற்றிலும் பிறகு அடித்த பெயின்ட் பிராக்கெட் ஓரத்தில் கோடு கட்டி நின்றிருந்தால், அது சீக்கிரமே மாட்டிய விளக்கு. இரண்டு மூன்று பெயின்ட் அடுக்குக்கு மேல் பிராக்கெட் உட்கார்ந்திருந்தால் பிற்பாடு வந்தது. துளையின் விளிம்பையும் பாருங்கள்: பெயின்ட் உதிர்ந்து, துரு உள்ளே இறங்கியிருந்தால் பெயின்டுக்குப் பிறகு போட்ட ஓட்டை. ஒயர் துணி சுற்றியதா, பிளாஸ்டிக் உறையா? ஒயரை மாற்றுவது சுலபம், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நம் ஊருக்கென்றே ஒரு சாட்சி உண்டு, கடல் காற்று. ஐம்பது அறுபது வருடம் முத்தியால்பேட்டையில் நின்ற வண்டியில் பம்பர் குரோம் அம்மைத் தழும்பு மாதிரி பொத்துப்போயிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் விளக்கு வழவழவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். டிராக்ஷனுக்கான பாகங்களை ஐரோப்பாவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பாலிஷ் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான், இந்தச் சாட்சி ஒரே மதியத்தில் போய்விடும்.

லூகாஸ் விளக்குக்கு வருவோம். பல லூகாஸ் பாகங்களில் மாதமும் வருடமும் சின்ன எண்களாகக் குத்தியிருக்கும். 6 52 என்றால் 1952 ஜூன். இந்தியாவில் செய்தது என்று எழுதியிருந்தால் சென்னையில் பாடி என்ற இடத்தில் லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை வந்த 1960-களுக்குப் பிறகு. போல்ட்டில் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராமல் அங்குல ஸ்பேனர் உட்கார்ந்தால் பிராக்கெட்டும் இங்கிலாந்து வழி. என் ஊகம் இது: ஒரு மார்ஷால் உடைந்திருக்கும். 1954 நவம்பரில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி மாறிய பிறகு அதற்கு ஜோடி கிடைக்காமல், யாரோ சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைத்ததை வாங்கி மாட்டியிருப்பார்கள். அது குறையல்ல, வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு ஆதாரம். ஆனால் விற்கும்போது "ஜோடி" என்று சொல்லாதீர்கள்.

கடிகாரத்தின் முகத்தில் ழேகர் என்றிருந்து, பின்பக்கம் 6 வோல்ட் என்றிருந்தால் இந்த வண்டிக்குப் பொருத்தம்தான். ஸ்மித்ஸ் என்றிருந்தால் இங்கிலாந்துச் சாமான். புனிதர் தகடு அநேகமாகச் சேன் கிறிஸ்தோப், பயணிகளின் காவலர். எந்தத் தொழிற்சாலையும் அதை மாட்டி அனுப்பவில்லை. சந்தையில் பெரிய விலையும் கிடையாது. ஆனாலும் அந்த வண்டியில் உங்கள் தாத்தா தன் கையால் வைத்தது என்று துணிந்து சொல்லக்கூடிய சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

காகிதம் தேட வீட்டிலிருந்தே தொடங்குங்கள். கல்யாண ஆல்பம் முதலில்: மாப்பிள்ளை ஊர்வலத்திலோ கோயில் வாசலிலோ வண்டியின் முன்பக்கம் தெரியும் ஒரு படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். பிறகு கார்த் கிரீஸ் (பிரெஞ்சு வண்டிப் பதிவுச் சான்று), டீலர் பில், கப்பல் சீட்டு. குடும்பத்தில் யாராவது அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியிருந்தால் அதையும் விசாரியுங்கள், அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்த சாமான்கள் புதுச்சேரி வீடுகளில் நிறைய. நொத்தேர் (பிரெஞ்சு முறைப் பத்திர அதிகாரி) எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதில் வண்டியின் விவரம் இருக்கக்கூடும்.

பதிவு பற்றியும் கவலை வேண்டாம். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி வின்டேஜ். பழைய பதிவு இருந்தால் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடத்துக்குச் செல்லும். பதிவு செய்பவர்கள் பார்ப்பது சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கிறதா என்பதை. ஃபாக் லைட் கணக்கில் வராது.

சென்னைக்காரர் மறுபடி வந்தால் வண்டியை மொத்தமாக விலை சொல்லச் சொல்லுங்கள். விளக்கோடு ஒரு விலை, விளக்கில்லாமல் ஒரு விலை, இரண்டையும் எழுதித் தரட்டும்.