அம்மாவின் அறுபதுக்கு எந்த ஹோட்டல்?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் அம்மாவுக்கு 60 வயது நிறைகிறது. வாழ்நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நானும் தம்பியும் காசு சேர்த்து, நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் இரவு விருந்து வைக்க நினைக்கிறோம். பெரியவர்கள் 6 பேர், பிள்ளைகள் 2 பேர். கையில் 60,000 ரூபாய். பிறந்தநாள் வெள்ளிக்கிழமை, அன்று அம்மா மச்சம் (மீன், இறைச்சி, முட்டை) தொடமாட்டார். சுகரும் முழங்கால் வலியும் உண்டு. எந்த இடம் நல்லது?
- வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் இரவை விட்டுவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு மாறுங்கள். ஹட்டனிலிருந்து வேனில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொழுது சாய்ந்தால் நானுஓயாப் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிடும். பெரிய ஹோட்டல்களில் இரவு விருந்து ஏழு, ஏழரைக்குத்தான் ஆரம்பம். சூப், தொடக்கம், பிரதான உணவு, இனிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து முடிய இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் பிள்ளைகள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த ராக்குளிர் முழங்காலுக்கும் ஆகாது.

பெயர் பெற்ற இடங்களில் ஹில் கிளப் 1876இல் வெள்ளைக்காரத் துரைமாருக்காகத் தொடங்கியது. இரவில் ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும்; இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் உண்டு. உங்கள் வீட்டு ஆண்கள் இரவல் கோட்டில் நெளிந்துகொண்டு இருப்பதைப் பார்த்தால் அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வரும். கந்தப்பளையில் உள்ள ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி, பழைய ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலையை) மாற்றிக் கட்டிய ஹோட்டல். ரயில் பெட்டிக்குள் நடத்தும் உணவகமும் அங்கே உண்டு. பார்க்க அழகு, ஆனால் பெட்டியில் ஏறி இறங்குவது முழங்கால் வலிக்காரருக்குச் சரிவராது. அதோடு, ஸ்டோருக்குள் விருந்தாளியாக உட்காருவது அம்மாவுக்குப் பெருமையாக இருக்குமா, வேலை ஞாபகத்தைக் கிளறுமா என்பதைப் பேச்சோடு பேச்சாக அறிந்துகொள்ளுங்கள்.

எங்கள் யோசனை, கிரேண்ட் ஹோட்டலில் இருப்பதுபோன்ற இந்தியச் சமையல் உணவகம். மரக்கறி வகை நிறைய இருக்கும், சோறோ நான் ரொட்டியோ கையால் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முள்ளும் கத்தியும் வரிசையாக வைத்த மேசையில் எதை முதலில் எடுப்பது என்று அம்மா தயங்கினால், அந்தத் தயக்கத்திலேயே பாதிச் சாப்பாடு ஆறிவிடும். பஃபே வேண்டாம்: தட்டோடு நாலு தடவை எழுந்து நடப்பது அவருக்குக் கஷ்டம்.

இனிப் பணம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் அதன்மேல் ஏறும். தலைக்கு 6,000 என்று போட்டிருந்தால் 6,600 ஆகி, வரியோடு 7,788 ஆகும். ஆறு பேருக்கு 46,728. பிள்ளைகளுக்குப் பாதி விலை என்றால் இன்னும் 7,788. மொத்தம் 54,516. மிச்சம் 5,484 ரூபாய்க்குள்தான் தண்ணீர்ப் போத்தல், ஜூஸ், கேக் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே தலைக்கு 6,000க்கு மேல் போகாதீர்கள். “எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். முற்பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வேண்டும்.

பிற்பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில், சமையலறை ஓய்ந்திருக்கும் நேரத்தில், உணவக மனேஜரோடு பேசுங்கள். “மரக்கறி” என்று மட்டும் சொன்னால் போதாது, சறுக்கல் அங்கேதான் நடக்கிறது. மரக்கறிச் சூப்பின் அடியில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். சம்பலிலும் பருப்பிலும் சில மரக்கறிக் கறிகளிலும் ருசிக்கு மாசி (உலர்த்திய மீன்) போடுவது நம் நாட்டுச் சமையலில் வழக்கம். சமைப்பவர் அதை மச்சமாகவே நினைப்பதில்லை. பிரைட் ரைஸில் ஒய்ஸ்டர் சோஸ், வட்டிலப்பத்திலும் கரமல் புடிங்கிலும் முட்டை, ஜெல்லி வகைகளில் ஜெலட்டின். “மாசி வேண்டாம், கோழிச் சூப் வேண்டாம், முட்டை வேண்டாம்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் மச்சம் சாப்பிடுவதானால் கரண்டியும் தனி.

மேசையை 12.15க்குச் சொல்லி, முதல் தட்டு 12.30க்கு வர வேண்டும் என்று கேளுங்கள். அம்மா சுகர் மாத்திரையை வேனிலேயே போட்டுவிட்டு, அங்கே சாப்பாடு அரைமணி பிந்தினால் மயக்கம் வரலாம். தட்டு மேசைக்கு வருவது உறுதியான பிறகு போடட்டும். பிள்ளைகளின் சாப்பாட்டை முதலில் கொண்டுவரச் சொல்லலாம்.

பழைய கட்டடங்களில் எதிர்பாராத இடத்தில் இரண்டு படி, மூன்று படி வரும். தரைத்தளத்தில், கழிவறைக்குக் கிட்ட, கைப்பிடியுள்ள நாற்காலியோடு மேசை கேளுங்கள். கொமோட் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

எட்டுப் பேருக்கு ஒரு கிலோ முட்டையில்லாக் கேக் தாராளம். மூன்று நாளைக்கு முன்பே சொல்லிவையுங்கள். வெளியிலிருந்து கொண்டுபோனால் சில இடங்களில் தனிக் கட்டணம் வாங்குவார்கள். கேக் இருப்பதால் மெனுவில் இனிப்பைக் குறைத்து விலையும் குறைக்கச் சொல்லுங்கள். ஊழியர்கள் கூடிநின்று கைதட்டிப் பாடுவது அம்மாவுக்குப் பிடிக்காதென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாராவது பியர் எதிர்பார்த்தால் கலண்டரில் போயாவா (பௌர்ணமி விடுமுறையா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மதுபானம் கிடைக்காது.

முக்கியமாக, அம்மா கையில் விலைபோட்ட மெனு போகவே கூடாது. ஒரு கறி 2,000 ரூபாய் என்று கண்டால் “எனக்குப் பசியில்லை, ஒரு தேத்தண்ணி போதும்” என்பார். உணவு வகைகளை முன்பே நீங்கள் முடிவுசெய்து, பில்லை மேசைக்குக் கொண்டுவராமல் கவுண்டரில் வைக்கச் சொல்லுங்கள். தம்பி கைகழுவப் போவதுபோல் போய்க் கட்டிவிடலாம். கட்டுமுன் பிள்ளைகளுக்குப் பாதி விலைதான் போட்டிருக்கிறதா, திறக்காத தண்ணீர்ப் போத்தல் ஏதும் கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்கட்டும். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. நன்றாகக் கவனித்தவருக்கு 500 ரூபாய் கொடுத்தால் போதும். வேன் சாரதிக்குச் சாப்பாடு உண்டா என்பதையும் அந்த முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.