அனாமத்து

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. போன புரட்டாசியில் அப்பா இறந்துவிட்டார். தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 31 வருடம் வணிகவியல் பேராசிரியராக இருந்து 2013-ல் ஓய்வு பெற்றவர். கணக்குப்பதிவியல்தான் அவருடைய பாடம். இரங்கல் கூட்டத்தில் அவருடன் வேலை பார்த்த ஒருவர், "அருமையான வாத்தியார், ஆனால் ஆராய்ச்சிப் பக்கம் போகாமலே இருந்துவிட்டார்" என்று பேசினார். அது தைத்துவிட்டது. அன்று இரவே கூகுள் ஸ்காலரில் தேடிப் பார்த்தேன். ஏழு கட்டுரைகள், அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டியது நான்கு முறை.

வீட்டில் ஒரு பீரோ நிறைய பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. மொத்தம் 43. விருதுநகரில் மூடிப்போன ஒரு மண்டியிலிருந்து எண்பதுகளில் வாங்கி வந்தாராம். 1936 முதல் 1974 வரை. நிறைய பக்கங்களில் துண்டுச்சீட்டு செருகி ஏதேதோ எழுதி வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். தை பிறந்ததும் வீட்டை விற்கிறோம். அப்பா செய்தது ஆராய்ச்சியா இல்லையா? இந்தப் புத்தகங்களை என்ன செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும், பிளஸ் ஒன் போகும் என் மகள் காமர்ஸ் குரூப் வேண்டும் என்கிறாள், எடுக்கலாமா?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

மகள் ஆசைப்படுகிறாள் என்றால் எடுக்கட்டும். அது முடிந்தது.

இரங்கல் கூட்டத்தில் பேசியவரையும் விட்டுவிடுங்கள். பாதி ஆயுள் விடைத்தாள் திருத்தியவர்களுக்குக் கையில் மைக் கிடைத்தால் மதிப்பெண் போடத்தான் தோன்றும். எனக்குக் கோபம் உங்கள்மேல். சாம்பல் ஆறுவதற்குள் அப்பாவைக் கூகுளில் எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஏழு, நான்கு. அந்தப் பீரோ உங்கள் வீட்டில் எத்தனை வருடமாக நிற்கிறது? அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது கேட்டதுண்டா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் அரைநாள் பேசியிருப்பார். கேட்க ஆள் இல்லாதவர்கள்தான் துண்டுச்சீட்டில் எழுதுகிறார்கள்.

சரி, திட்டியது போதும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தலைப்பில் உ. அதற்குக் கீழே 'லாபம்'. இடது ஓரத்தில் சுழித்துச் சுழித்துச் சில குறிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத்தான் நீங்கள் கிறுக்கல் என்று நினைத்திருப்பீர்கள். ௷ என்பது வரவு. ௶ என்பது பற்று. ௸ மேற்படி, ௹ ரூபாய். இவை எல்லாம் யூனிகோடில் ஏறியிருக்கின்றன, உங்கள் கையிலிருக்கும் போனிலேயே தெரியும். எம்.காம். முடித்த பத்துப் பேரை நிறுத்தி இதில் எது பற்று என்று கேட்டுப் பாருங்கள்.

ஓரத்தில் அப்பா செருகிய சீட்டில் நீலமையில் இருப்பது இது: "மகமை. செலவா, கொடுபடவேண்டியதா? ப. 212 பார்க்க." உங்களுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை என்றீர்களே, அந்த ஒரு வரியே நல்ல ஆய்வுக் கேள்வி. மண்டிக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடிப்பார்கள். அது உறவின்முறைக்கு, அதாவது நாடார் சமூகத்தின் ஊர் அமைப்புக்கு, போய்ச் சேரவேண்டிய பணம். அன்றைய விருதுப்பட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, காமராஜர் படித்த பள்ளி, இப்படி ஊர் மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியிலும் வளர்ந்ததுதான். இப்போது கணக்கப்பிள்ளையின் சிக்கலைப் பாருங்கள். பிடித்த மகமை மண்டியின் கல்லாவில்தான் கிடக்கிறது, ஆனால் மண்டியின் காசு இல்லை. அதைச் செலவு என்று எழுதினால் மண்டி தன் கையிலிருந்து தர்மம் செய்ததாக ஆகிவிடும். கொடுபடவேண்டியது என்று எழுதினால் வெறுமனே கைமாற்றிக் கொடுக்கிறது என்று ஆகும். இன்றைக்கு ஜி.எஸ்.டி. பிடித்து அரசுக்குக் கட்டும் கடைக்காரருக்கும் இதே கதைதான், சட்டம் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. 1930-களில் ஒரு மண்டிக் கணக்கப்பிள்ளை இதைத் தானாக எப்படித் தீர்த்தார் என்று பார்க்கப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார் உங்கள் அப்பா. ப. 212-ல் என்ன இருந்தது என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆராய்ச்சியா என்று கேட்டீர்கள். நான் உங்களுக்கு ஆராய்ச்சியைக் காட்டுகிறேன். 1998-ல் என் நண்பன் ஒருவன் எம்.பில். செய்துகொண்டிருந்தான், வணிகவியல்தான். தலைப்பு, வங்கிச் சேவையில் வாடிக்கையாளர் மனநிறைவு. ஒரு மாவட்டத்தின் பெயரை முன்னால் போட்டுக்கொள்ள வேண்டியது. மாவட்டத்தை மாற்றினால் அடுத்தவனுக்கு அடுத்த தலைப்பு. கேள்வித்தாளில் ஐந்து கட்டம்: முழு மனநிறைவு, மனநிறைவு, கருத்தில்லை, மனநிறைவின்மை, முழு மனநிறைவின்மை. ஒப்படைக்க நான்கு நாள் இருந்தபோது புரோட்டாக் கடையில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேர் ஆளுக்கு நாற்பது தாள் நிரப்பினோம். சால்னா பட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதினோம். வங்கிச் சேவையில் எனக்கு 'முழு மனநிறைவு' என்று நாற்பது முறை டிக் அடித்த அந்த இரவில் எனக்கு வங்கிக் கணக்கே கிடையாது. பிறகு அதற்குக் கை-வர்க்கச் சோதனை என்று புள்ளியியல் எல்லாம் போட்டார்கள். வாய்மொழித் தேர்வில் யாரோ பாராட்டினார்களாம்.

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்த வியாதி இன்னும் தீரவில்லை. அப்போது 120 பேர். இப்போது 384 பேர் என்று வருகிறது. எவ்வளவு மக்கள்தொகைக்கு எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-ல் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் மக்களுக்கு 384 என்று இருக்கிறது, அதைப் பார்த்து எல்லோரும் 384. அந்த அட்டவணை தவறு என்று சொல்லவில்லை. கணக்கியலில் டாக்டர் பட்டம் வாங்குகிறவர் ஐந்து வருடத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தையும் கையால் தொடாமல் வெளியே வந்துவிட முடிகிறது என்று சொல்கிறேன். மாட்டைப் பார்க்காமல் மாட்டு வைத்தியம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மணிநேரம் பஸ்ஸில் போனால் நூறு வருடப் பேரேடுகள் கரையான் அரித்துக் கிடக்கின்றன. இவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். நாடார்களின் உறவின்முறையையும் மகமையையும் பற்றி விரிவாக எழுதியவர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், அரசியல் அறிவியல்காரர், 1969. நகரத்தாரின் வட்டித் தொழிலைப் பற்றி எழுதியவர் டேவிட் ரட்னர், மானுடவியல்காரர், 1994. இரண்டு புத்தகத்தையும் போட்டது கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம். அமெரிக்காவிலிருந்து இங்கே வரத் தெரிந்திருக்கிறது. பக்கத்து ஊரில் இருக்கும் காமர்ஸ் துறைக்கு வழி தெரியவில்லை.

2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. என்று புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. 43 பேரேடு படித்தவருக்கு என்று அதில் கட்டம் இல்லை. அப்பாவின் கடைசி மூன்று வருடம் அந்தக் காலம்தான். அறைக்கு அறை ஆளாளுக்குக் கட்டுரை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் என்ன நினைத்தார் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கணக்குப் புத்தகம் கையில் இருப்பதால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1986-ல் லால் நிகம் என்ற நம் பேராசிரியர், லுகா பாச்சியோலி 1494-ல் வெனிஸில் இரட்டைப் பதிவு முறையை (ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்றாகவும் வரவாகவும் இரண்டு இடத்தில் எழுதுவது) அச்சிடுவதற்கு முன்பே, பஹி-காத்தா என்ற நம் வியாபாரிகளின் பழைய கணக்கு முறையில் அது இருந்தது என்று 'அபாகஸ்' ஆய்விதழில் எழுதினார். அடுத்த வருடமே கிறிஸ்டோபர் நோப்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் அதே இதழில் மறுத்தார். நோப்ஸ் கேட்டது சுருக்கமாக இவ்வளவுதான்: சான்று எங்கே? நமக்குக் கோபம் வரும். ஆனால் கேட்டது நியாயம். இத்தாலியர்களிடம் புத்தகம் இருக்கிறது. பிராட்டோ என்ற ஊரில் 1410-ல் இறந்த ஃபிரான்செஸ்கோ தத்தீனி என்ற வியாபாரியின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணக்குப் புத்தகங்களும் ஒன்றரை லட்சம் கடிதங்களும் 1870-ல் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டன. நானூற்றைம்பது வருடத்துக்கு மேல் அங்கே கிடந்திருக்கின்றன. எந்த மகனும் வீட்டை விற்பதற்காக எடைக்குப் போடவில்லை. தத்தீனி தன் பேரேட்டின் தலைப்பில் என்ன எழுதினார் தெரியுமா? "கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்." உங்கள் படத்தில் இருக்கும் உ, லாபம். வேறு மொழி, வேறு கடவுள், அவ்வளவுதான்.

அப்பாமேல் எனக்கு வருத்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். எழுதி முடித்திருக்க வேண்டும். முப்பது வருடம் சீட்டு செருகிக்கொண்டே இருப்பது ஒருவகை சுகம், எனக்கும் அது தெரியும். பீரோவின் அடித்தட்டைப் பாருங்கள். பழைய கருத்தரங்க மலர்கள் இருக்கும். கூகுள் கண்ணில் படாத ஒன்றிரண்டு கட்டுரைகள் அதில் கிடைக்கலாம்.

புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதுவே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் தன் வீட்டில் சேர்த்து வைத்ததிலிருந்து வந்ததுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது, கிராமத்து வீடுகளில் கிடந்த பழைய ஆவணங்களைப் படமெடுத்திருக்கிறார்கள். இருவரிடமும் பேசுங்கள். துண்டுச்சீட்டுகளைப் பிடுங்காதீர்கள். எந்தச் சீட்டு எந்தப் பக்கம் என்பது போய்விட்டால் அப்பா போய்விட்டார். தூசி தட்டுகிறேன் என்று வெயிலில் காயவைக்கவும் வேண்டாம்.

என் பெரியப்பா விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் கணக்கப்பிள்ளை. முழுப்பரீட்சை லீவுக்கு என்னை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். மண்டிக்குள் நுழைந்ததும் தும்மல்தான் முதல் வணக்கம். சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு. சிவப்புத் துணி போட்டுத் தைத்த புத்தகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாகப் புதிதில் ஏற்றுவார். நான் வாசித்துச் சொல்ல வேண்டும். கடைசியில் அனாமத்து என்று ஒரு பக்கம். இன்னார் கணக்கு என்று தீராத தொகை எல்லாம் அங்கே நிற்கும். (அமானத் என்று வந்த சொல். நம்பி ஒப்படைத்தது என்று அர்த்தம். நம் ஊரில் கேட்பாரற்றது என்று ஆகிவிட்டது.) அதில் முதல் வரி, "விளாத்திகுளம் பக்கத்து ஆள், ரூ. 11". யாரோ ஒரு சம்சாரி, விவசாயி, வத்தல் போட்டுப் பணம் வாங்கிப் போனபிறகு கூட்டலில் பிசகு தெரிந்திருக்கிறது, அவருக்கு 11 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்ப வரவில்லை. வருடா வருடம் அந்தப் பதினொரு ரூபாயைப் பெரியப்பா புதுப் புத்தகத்தில் ஏற்றினார். முதலாளி ஒருநாள், "அதை லாபத்துல தள்ளுங்க, எத்தனை வருசத்துக்குச் சுமப்பீக?" என்றார். பெரியப்பா பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "லாபத்துல எழுதிட்டா, நாளைக்கு அவன் வந்து நின்னா எந்தப் பக்கத்தைப் புரட்டுறது?"

மண்டி எழுபதுகளின் நடுவில் மூடிப்போனது. புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

உங்கள் அப்பா வாங்கிய மண்டியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது இருக்கட்டும். 1974-ஆம் வருடத்துப் பேரேட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அனாமத்து என்று தலைப்பு இருக்கும். அதில் விளாத்திகுளம் என்று ஒரு வரி இருக்கிறதா, பதினொரு ரூபாய் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.