விமானத்தில் வேப்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

லித்தியம் பேட்டரியில் இருந்து பட்டாசு வரைக்கும் எது எந்தப் பையில் போகலாம், எது போகவே கூடாது என்று விமான நிலைய ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வேப் என்கிற இ-சிகரெட் பற்றியே இருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

மண்ணடியில் இருந்து ஒருவர்: "அண்ணே, தம்பி துபாயில் இருக்கான், அடுத்த மாசம் ஊருக்கு வர்றான். ஹேண்ட் லக்கேஜில் வேப் கொண்டு வரலாம்னு ஏர்லைன் சைட்டிலேயே போட்டிருக்கு. அப்புறம் ஏன் சென்னையில பிடுங்கிடுவாங்கன்னு சொல்றாங்க?"

சைட்டில் போட்டிருப்பது சரிதான். ஆனால் அது விமானத்துக்குள் தீப்பிடிக்காமல் இருப்பதற்கான விதி. இறங்குகிற நாட்டின் சட்டம் வேறு சங்கதி, அதைத் தெரிந்துகொள்வது பயணியின் பாடு. துபாயில் 2019-இல் இருந்து வேப் விற்க அனுமதி இருக்கிறது, கடையில் வாங்கலாம். அதே 2019-இல் இங்கே நேர் எதிராக நடந்தது: செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது, விற்பனை, இருப்பு வைப்பது, விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் தடை. முதல் முறை சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். மறுபடி சிக்கினால் மூன்று வருடம், ஐந்து லட்சம் வரை போகும்.

"ஒண்ணே ஒண்ணுதானே, என் சொந்த உபயோகத்துக்கு" என்று கஸ்டம்ஸில் பலரும் வாதாடுவார்கள். சட்டத்தில் 'புகைப்பது குற்றம்' என்று தனியாக ஒரு வரி இல்லை என்பது உண்மை, அதைப் பிடித்துக்கொண்டுதான் இணையத்தில் ஆளாளுக்கு வக்கீல் ஆகிறார்கள். ஆனால் தம்பி துபாயில் இருந்து கொண்டு வந்து இறங்கினால் அது இறக்குமதி, அதற்கு 'ஒன்று வரை பரவாயில்லை' என்ற சலுகை எங்கேயும் எழுதப்படவில்லை. எந்த வடிவில், எந்த அளவில் கையில் வைத்திருந்தாலும் சட்ட மீறல்தான் என்று சுகாதார அமைச்சகம் 2023-இல் விளக்கமும் கொடுத்துவிட்டது. ஒன்றிரண்டு என்றால் பறிமுதல் செய்துவிட்டு ஆளை அனுப்பிவிடுவதும் உண்டு, ஆனால் அது அந்த நேரத்தில் எதிரே நிற்கும் அதிகாரி எடுக்கிற முடிவு, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். இன்னொன்று, நண்பர்களுக்கு என்று ஐந்தாறு பெட்டியைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வந்தால் 'சொந்த உபயோகம்' என்று வாயைத் திறக்கவே முடியாது. தம்பியிடம் துபாயிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசகி: "என்னுடையதில் நிகோட்டினே இல்லை, வெறும் மாம்பழ ஃப்ளேவர். அதுக்கும் தடையா?"

ஆமாம். நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றுதான் சட்டத்தில் வருகிறது. புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவியும், இ-ஹூக்காவும் அதே கணக்குதான்.

பல்லாவரத்தில் இருந்து: "லேப்டாப்பைக்கூட அணைத்துவிட்டு செக்-இன் பையில் போடலாம் என்கிறார்கள். விரல் நீளம் இருக்கிற வேப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? எனக்கு லண்டனில் இருந்து நியூயார்க் போகிற பயணம், சட்டப் பிரச்சினை இல்லை."

நல்ல கேள்வி. வகுப்பில் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். லேப்டாப் தப்பித்தவறி ஆன் ஆகிவிட்டால் திரை எரியும், ஃபேன் சுற்றும், பேட்டரி தீரும். வேப்பின் வேலையே சூடாக்குவதுதான். உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதைச் சுற்றித் திரவத்தில் ஊறிய பஞ்சு, பக்கத்திலேயே பேட்டரி. பைக்குள் ஒரு ஷூவின் குதிகால் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும், திரவம் வற்றிப் பஞ்சு கருகும், சுருள் பழுக்கும், சுற்றிலும் சட்டையும் துண்டும். பழைய மாடல்களில் தானாக நிற்கும் வசதியும் இருக்காது. 2014 ஆகஸ்டில் பாஸ்டன் விமான நிலையத்தில் ஒரு விமானத்தின் சரக்கு அறையிலேயே இப்படி ஒரு பை பற்றியது, 2015 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு பை. அந்த 2015-இலேயே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு செக்-இன் பையில் இதை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது.

சரக்கு அறையில் தீயணைப்பு வசதி இல்லையா என்றால், இருக்கிறது, ஹாலான் வாயு. அது சுடரை அடக்கும், ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் ஒரு செல் கொதிக்க ஆரம்பித்துப் பக்கத்து செல்லையும் கொதிக்க வைக்கும்போது அந்தச் சூட்டைத் தணிக்காது. சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும், ஊற்ற ஆள் வேண்டும். பயணிகள் பக்கத்தில் என்றால் புகை வந்த உடனே யாராவது கத்துவார்கள், பணிப்பெண் ஓடிவந்து தண்ணீரை ஊற்றுவார். கீழே முப்பதாயிரம் அடி உயரத்தில் யார் போய் ஊற்றுவது? அதனால்தான் "உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள், உங்கள் வசதிக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே கைப்பை அல்லது சட்டைப் பை. ஐந்து தடவை அழுத்தி அணைக்கிற வகை என்றால் அணைத்துவிடுங்கள், கழற்ற முடிந்தால் பேட்டரியைத் தனியே எடுத்து அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள், சாவிக்கொத்தோடு ஒரே பையில் மட்டும் வேண்டாம். விமானத்துக்குள் அதை சார்ஜ் போடக் கூடாது. கடைசி நேரத்தில் மேலே இடமில்லை என்று வாசலில் உங்கள் டிராலியை வாங்கிக் கீழே அனுப்புவார்கள் பாருங்கள், அப்போது வேப்பையும் பவர் பேங்கையும் மறக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

அண்ணா நகர் இளைஞர் ஒருவர்: "டாய்லெட்டில் போய் ஒரே ஒரு இழுப்பு. புகை இல்லை, வாசனை இல்லை, ஆவிதானே. எப்படித் தெரியும்?"

தெரியும் தம்பி. அங்கே இருக்கும் கருவிக்குச் சிகரெட் வாசனையைப் பிடிக்கும் மூக்கு எதுவும் கிடையாது. காற்றில் மிதக்கிற நுண்துகளைத்தான் பார்க்கிறது, நீங்கள் 'ஆவி' என்கிற சமாசாரம் முழுக்க நுண்துளிதான். அலறும். அதன் மேல் ஈரத் துணியைப் போட்டு மூடலாம், ஷவர் கேப் மாட்டலாம் என்று வீடியோ போடுகிற ஆட்களை என்ன சொல்வது, கருவியைத் தொடுவது புகைத்ததைவிடப் பெரிய வில்லங்கம். 1973-இல் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் பற்றிய தீயில் 123 பேர் இறந்தார்கள். குப்பைத் தொட்டியில் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்பது விசாரணையில் வந்த சந்தேகம். புகைக்கவே கூடாத விமானத்தின் கழிவறைக் கதவில் இன்றைக்கும் சாம்பல் கிண்ணம் இருக்கிறதே, அது சும்மா இல்லை: யாராவது விதியை மீறினாலும் துண்டைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கட்டாயம் வைக்கிறார்கள்.

இந்தியாவில் விமானத்துக்குள் புகைத்துச் சிக்கினால் இறங்கியதும் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். விமானத்தில் பறக்கத் தடைப் பட்டியல் ஒன்று 2017-இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது, அதில் பெயர் ஏறினால் அவசரத்துக்கு மதுரைக்குக்கூடப் பறக்க முடியாது. அமெரிக்காவுக்குப் போய்வரும் விமானம் எதுவாக இருந்தாலும் வேப் பிடிப்பது 2016-இல் இருந்து சட்டப்படியே தடை.

பயணிகள் மட்டும்தான் இப்படி என்று இல்லை. 2018 ஜூலையில் ஹாங்காங்கில் இருந்து டாலியன் போன ஏர் சைனா விமானத்தில் துணை விமானி வேப் பிடித்திருக்கிறார், ஆவி பயணிகள் பக்கம் போகாமல் இருக்க ஃபேனை நிறுத்துகிறேன் என்று ஏசியை நிறுத்திவிட்டார். ஆக்ஸிஜன் குறைந்து முகமூடிகள் தொங்க, விமானம் மளமளவென்று கீழே இறங்க வேண்டியதாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, விமானியின் வேலை போனது.

தாம்பரத்தில் இருந்து ஒரு அம்மா: "பையன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே சிகரெட் விற்கிறார்களே, இது மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்கிறான்."

அம்மா, பையனிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே 2018-இல் இருந்து குற்றம். 2025 செப்டம்பர் 1-இல் இருந்து பெரியவர்களுக்கு முதல் முறையே 700 சிங்கப்பூர் டாலர் அபராதம், திரும்பத் திரும்பச் சிக்கினால் வெளிநாட்டவருக்கு வேலை பாஸ் ரத்தாகி ஊருக்கு அனுப்பப்படும் அளவுக்குப் போகலாம். எட்டோமிடேட் என்கிற மயக்க மருந்தைக் கலந்து விற்க ஆரம்பித்ததால்தான் அங்கே இவ்வளவு இறுக்கினார்கள், கலப்படம் இருந்தால் அது போதைப்பொருள் வழக்கு. நீங்கள் அவனைப் பார்க்கப் போகும்போது "ஃபிரண்டுக்குக் கொடுக்கணும் ஆன்ட்டி" என்று யாராவது பொட்டலம் நீட்டினால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய்லாந்திலும் இறக்குமதி தடை, சிறைவரை போகும். மாலத்தீவு 2024 நவம்பரில் தடை போட்டுவிட்டது, தேனிலவுக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்.

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்: "விமானத்தில் ஏறி இறங்கினாலே டேங்க் ஒழுகி பையெல்லாம் பிசுபிசு. கருவி கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. மேலே கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போல, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம். டேங்குக்குள் மாட்டிக்கொண்ட காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும். ஏறும் முன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். தனி பாட்டில் என்றால் 100 மில்லிக்குள், மற்ற திரவங்களோடு.

போரூர்: "20,000 எம்ஏஎச் பவர் பேங்க் போகுமா?"

போகும், கைப்பையில் மட்டும். 20,000-ஐ பேட்டரியின் வோல்டேஜான 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-ஹவர், வரம்பு 100. மேலே எழுத்து அழிந்து போயிருந்தால் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025-இல் இருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்த விடுவதில்லை, எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான்.

கடைசியாக, பெயரோ ஊரோ சொல்லாத ஒருவர்: "பத்து மணி நேரம் எதுவும் இல்லாமல் இருக்க முடியாது சார், வழி சொல்லுங்கள்."

மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும், பையில் கொண்டுபோகலாம், எந்த அலாரமும் அடிக்காது. சூயிங் கம் போல விடாமல் மெல்லக் கூடாது; நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்துக்கொண்டே போட்டால் வேலை செய்யாது, கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. லைட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், மீனம்பாக்கத்தில் அதையும் எடுத்துக்கொள்வார்கள்.