பாஸா, பெயிலா?

கேள்வி: 2021இல் வந்த தி.மு.க. அரசு பள்ளிக் கல்வியில் நிறையச் செய்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் மதிப்பீட்டில் பாஸா, பெயிலா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் ஊரிலேயே பாருங்கள். படகு கரைக்கு வரும் நாளில் விடியும் முன்பே அம்மா மீன் தரம் பிரிக்கக் கிளம்பிவிடுவார். பாசி எடுக்கிற வீடென்றால் கடல் வற்றும் நேரம் பார்த்து ஓட வேண்டும். பிள்ளை வரக்காப்பியோடு பள்ளிக்கு வரும், பத்து மணிக்கே டெஸ்க்கில் தலை சாய்ந்துவிடும். அதே பிள்ளை இப்போது சூடான பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருகிறது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இதற்கு முழு மார்க் போடுகிறேன், மனதாரப் போடுகிறேன்.

சரி, சாப்பிட்ட பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டாமா? எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்க வேண்டும் என்று ‘எண்ணும் எழுத்தும்’ கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளியில், ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் அன்றைக்கு என்ன நடக்கும்? நம் கடற்கரைக்கு வேலைக்கு வருகிறவர்களில் பலர் அடுத்த கலந்தாய்விலேயே சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்க வைக்க அரசு என்ன செய்தது என்பதுதான் என் கோபம். 2022இல் காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களை வைத்து நிரப்பினார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்! படித்துப் பட்டயம் வாங்கியவருக்கு இது கூலியா?

தமிழகப் பள்ளிக் கல்விக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு 2024-25இல் நிறுத்தி வைத்தது அநியாயம். பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்துப் போடாததற்குப் பிள்ளைகளைத் தண்டிப்பதா? ஆனால் 7,500 ரூபாய்ச் சம்பளம் அதற்கு இரண்டு வருடம் முந்தியது. அந்தக் கணக்கை டெல்லி மேல் எழுத முடியாது.

ஆகவே ஆசிரியர் நியமனத்தில் பெயில். அப்புறம், உங்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போய், அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், அச்சிடுகிறேன்.