நிலாவில் ஒரு ஏக்கர்: வில்லங்கம் பார்த்துச் சொல்கிறேன்

மனை வழக்கும் பத்திர வழக்கும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. விண்வெளிச் சட்டம் ஆசைக்குப் படித்தது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வது அபூர்வம் என்பதால், நிலா மனை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (கோவை): கல்யாண நாள் பரிசாக மனைவிக்கு நிலாவில் ஒரு ஏக்கர் வாங்கினேன். சான்றிதழ், வரைபடம் எல்லாம் கூரியரில் வந்துவிட்டன. இது செல்லுமா சார்?

பதில்: செல்லாது. நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். தங்க நிற ஓரம், வட்ட முத்திரை, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பிரமாதம். ஆனால் விற்றவருக்கு அந்த இடம் எப்படி வந்தது என்று ஒரு வரி கூட இல்லை. எந்தக் கிரயப் பத்திரத்திலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். 1967-ன் விண்வெளி ஒப்பந்தம் இரண்டாம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: நிலா உட்பட விண்வெளியை எந்த நாடும் இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ தனதாக்கிக்கொள்ள முடியாது. இந்தியாவும் 1982-ல் அதை ஏற்று உறுதி செய்தது. மனைவியிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. வழக்கமாக நான் சொல்வதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பூமியோ நிலாவோ, மூலப்பத்திரம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): யார்தான் இதை விற்கிறார்கள்?

பதில்: அமெரிக்காவில் டென்னிஸ் ஹோப் என்பவர் 1980-ல் நிலா தன்னுடையது என்று அறிவித்தார். ஐ.நா.வுக்குக் கடிதமும் எழுதினார். பதில் வரவில்லை. வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ‘லூனார் எம்பஸி’ என்ற பெயரில் ஏக்கர் கணக்கில் விற்க ஆரம்பித்தார். நிலாவின் மொத்தப் பரப்பு சுமார் 3.8 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது 900 கோடி ஏக்கருக்கு மேல். சரக்கு தீரும் கவலை அவருக்கு இல்லை. தாசில்தாருக்கு மனு போட்டுவிட்டு, பதில் வராததால் ஏரிப் புறம்போக்கு எனக்கே என்று ஒருவர் பிளாட் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர், சென்னை): சார், ஒப்பந்தம் ‘நாடு’ என்றுதான் சொல்கிறது. தனி மனிதரைத் தடுக்கவில்லையே?

பதில்: தம்பி, ஹோப்பின் வாதமும் இதுதான். ஆனால் சொத்துரிமை என்பது என்ன? நான் உங்கள் இடத்தில் வேலி போட்டால் நீங்கள் நீதிமன்றம் போவீர்கள், அரசு உங்கள் பக்கம் நிற்கும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் சொத்து என்று பெயர். நிலாவில் யார் பட்டா தருவது? ஒரு நாடு தந்தால் அதுவே அந்த நாடு உரிமை கொண்டாடுவதாகிவிடும், இரண்டாம் பிரிவு இடிக்கும். யாரும் தராவிட்டால் அது வெறும் காகிதம். ஆறாம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். தனியார் விண்வெளியில் என்ன செய்தாலும் அதற்கு அவர்களுடைய நாடே பொறுப்பு. அனுமதிப்பதும் கண்காணிப்பதும் அதன் கடமை.

கிரிகரி நெமிட்ஸ் என்ற அமெரிக்கர் ஈராஸ் சிறுகோளைத் தன் சொத்து என்று சொல்லிவந்தார். 2001-ல் நாசாவின் ‘நியர்’ கலம் அதில் இறங்கியதும் பார்க்கிங் கட்டணமாக 20 டாலர் கேட்டு பில் அனுப்பினார். நாசா தரவில்லை. வழக்குப் போட்டார், தள்ளுபடியானது.

கேள்வி (ஈரோடு): நிலா பிளாட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது.

கேள்வி (மதுரை): வாங்கிய ஏக்கரை இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பின்னால் உதவுமா?

பதில்: சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பதிய வேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டம். நிலா எந்த எல்லையில் வருகிறது? மூலப்பத்திரம், மூலப்பத்திரம்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியென்றால் ஆழ்கடல் மீன்? கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் மட்டும் பிடித்தவனுக்குச் சொந்தமாகிறதே?

பதில்: இது நல்ல கேள்வி. முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். இன்றைய உண்மையான சண்டை ஏக்கருக்காக இல்லை, மண்ணுக்கும் பனிக்கும்தான். 2015-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. இடத்துக்கு உரிமை கோர மாட்டோம். ஆனால் எங்கள் குடிமக்கள் விண்வெளியில் தோண்டி எடுத்தது அவர்களுடையது என்றது. லக்சம்பர்க் 2017-ல் பின்தொடர்ந்தது, பிறகு ஐக்கிய அரபு அமீரகமும் ஜப்பானும். உங்கள் மீன் வாதமேதான். எதிர்வாதமும் இருக்கிறது. மீன் மறுபடி பெருகும், பனி பெருகாது. ஆறு யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிக்கொண்டே மணலை அள்ளினால் ஆற்றில் என்ன மிஞ்சும் என்பதை நாம் பார்க்காததா?

நிலாவின் தென் துருவத்துக்கு வாருங்கள். அங்கே சில பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை, பனி இருக்கிறது. பக்கத்திலேயே சில மேடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் அடிக்கிறது, சூரிய மின்சாரத்துக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. அப்படிப்பட்ட மேடுகள் கொஞ்சம்தான். முதலில் போனவர் கருவியை நிறுத்திவிட்டு ‘பக்கத்தில் வராதீர்கள், தூசி பறந்து கெட்டுவிடும்’ என்றால்? நிலா ஆய்வுக்காக அமெரிக்கா முன்னின்று பல நாடுகளோடு செய்துகொண்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாடு இதற்குப் பாதுகாப்பு வளையம் என்று பெயர் வைத்திருக்கிறது. இந்தியா 2023 ஜூனில் அதில் கையெழுத்திட்டது. அது உரிமை கோரல் ஆகாது என்று எழுதியும் இருக்கிறார்கள். இருந்தாலும் வேலி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு வேலி போட முடியும் என்பது என் தொழில் அனுபவம்.

கேள்வி (சேலம்): 12 வருடம் நிலாவில் குடியிருந்தால் அனுபவ பாத்தியதை வராதா?

பதில்: ரசித்தேன். உண்மையான உரிமையாளர் ஒருவர் இருந்து, அவர் சும்மா இருந்தால்தான் எதிரிடை அனுபவம் என்ற பேச்சே வரும். நிலாவுக்கு உரிமையாளரே இல்லை. தவிர, பயன்பாடும் குடியிருப்பும் உரிமை தராது என்று ஒப்பந்தமே எழுதிவைத்திருக்கிறது.

கேள்வி (நாமக்கல்): எங்கள் ஊர் மண்ணே நிலா மண் என்கிறார்களே?

பதில்: உங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துத்தான் இஸ்ரோ நிலா மண்ணைப் போன்ற மண் தயாரித்து லேண்டரைச் சோதித்தது. அந்த மண்ணுக்குப் பட்டா உண்டு. சந்தோஷப்படுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): ஆனாலும் 1980-ல் முதலில் கேட்டவர் ஹோப்தானே? முதலில் வந்தவருக்கு முன்னுரிமை இல்லையா?

பதில்: விடமாட்டீர்கள் போல. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். சிலி நாட்டில் தால்கா என்ற ஊரில் ஜெனாரோ கஜார்தோ வேரா என்ற வழக்கறிஞர் 1954-லேயே நிலா என்னுடையது என்று நோட்டரி முன் பதிந்துவிட்டார். தேதிதான் கணக்கென்றால் ஹோப் விற்ற ஒவ்வொரு ஏக்கரும் அடுத்தவர் சொத்து. ஒரே மனையை இரண்டு பேர் விற்ற கேஸ் என் மேஜையில் வாரம் ஒன்றாவது இருக்கும். இதோடு இந்த வாதத்தை மூடுகிறேன். மேல்முறையீடு இல்லை.

கேள்வி (திருநெல்வேலி): அமெரிக்கா கொடி நட்டதே, அப்புறம் என்ன?

பதில்: அந்தக் கொடி உரிமை கோரல் ஆகாது என்று அமெரிக்க காங்கிரஸே 1969-ல் சட்டத்தில் எழுதிவிட்டது.

கேள்வி (புதுச்சேரி): அப்படியானால் நிலாவில் எதுவுமே யாருக்கும் சொந்தமில்லையா?

பதில்: பொருள் சொந்தம். அது நிற்கும் இடம்தான் சொந்தமில்லை. அனுப்பிய கலம் அனுப்பியவருடையதே என்கிறது அதே விண்வெளி ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு. 1973-ல் நிலாவில் ஓடிய சோவியத் வண்டி லூனாகோத் 2-ஐ ரிச்சர்ட் கேரியட் என்ற கணினி விளையாட்டு வடிவமைப்பாளர் 1993-ல் சதபீஸ் ஏலத்தில் 68,500 டாலருக்கு வாங்கினார். வண்டி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. நிலா மண்ணையும் விற்றிருக்கிறார்கள். சோவியத் கலம் லூனா 16 கொண்டுவந்த சில துகள்கள் அதே ஏலத்தில் 4,42,500 டாலருக்குப் போயின, 2018-ல் மறுபடி 8,55,000 டாலருக்கு. அப்போலோ கொண்டுவந்த 382 கிலோ அமெரிக்க அரசின் சொத்து, அதில் கை வைக்க முடியாது.

கேள்வி (வேலூர்): நான் நிலாவில் இடம் வாங்கியிருக்கிறேன், பட்டா கிடைக்குமா?

பதில்: கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஓசூர்): நிலா இடம் வாங்கலாமா? பட்டா உண்டா?

பதில்: வேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, அப்பா பெயரில் நிலாவில் ஐந்து ஏக்கருக்குச் சான்றிதழ் இருக்கிறது. பாகப்பிரிவினையில் தம்பி அதையும் கேட்கிறான். சேர்க்க வேண்டுமா?

பதில்: தாராளமாக அவருக்கே கொடுங்கள் அம்மா, விடுதலைப் பத்திரம் கூட வேண்டாம். ஈடாக, கிணறு இருக்கிற பக்கத்தை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.