அம்மாவோட உக்காந்து பாக்க எந்தப் படம்?

அக்கா, ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மாவுக்கு வெட்டுக்குத்து ஆகாது, 12 வயசு பையனுக்கு தமிழ் பாதிதான் புரியும், வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு ஹால்ல மூணு பேரும் சேர்ந்து என்ன பாக்கலாம்னு கேட்டிருந்தீங்கல்ல, யோசிக்காம டூரிஸ்ட் ஃபேமிலி போடுங்க. இலங்கையிலேர்ந்து படகுல வந்து சென்னையில ஒளிஞ்சு வாழுற குடும்பம், சசிகுமார் சிம்ரன் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க ஆனா அந்த சின்னப் பையன் கமலேஷ் வர்ற சீன்லாம் உங்க பையன் சப்டைட்டில் பாக்காமலே சிரிப்பான். மகாராஜா படம் எனக்கு உயிரு, ஆனா இப்ப வேணாம், அதுல வர்ற கொடுமைய அம்மா தாங்க மாட்டாங்க, பையனுக்கும் அந்த வயசு இல்ல.

பையன் தூங்கினதும் நீங்களும் அம்மாவும் மட்டும் மெய்யழகன் பாருங்க. சொத்துத் தகராறுல தஞ்சாவூர் வீட்ட விட்டுப் போன அரவிந்த்சாமி பல வருஷம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றாரு, மேடையிலயே அந்தப் பொண்ணு நகைப் பெட்டியத் திறந்து நீங்களே போட்டு விடுங்கன்னு நிக்கும் பாருங்க, நான் ஊரு விட்டு சிங்கப்பூர் வந்தவன், அந்த இடத்துல அப்படியே உடைஞ்சுட்டேன். 2024ல ரிலீஸான பிறகு நீளம்னு 18 நிமிஷம் வெட்டினாங்க, அது எனக்கு இன்னும் ஆறல. மெதுவாத்தான் போகும், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.