கஞ்சாக் கடையும் கோவில் மனுவும்

கேள்வி: கஞ்சாவை வீட்டில் வளர்க்கலாம் என்று ஆகிவிட்டது. இப்போது கடை வைத்து விற்கவும் அனுமதி கேட்கிறார்கள். தமிழர் பண்பாட்டுக்கே ஆகாத விஷயம் இது. கோவிலில் கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு மனு அனுப்பப் போகிறோம். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா

பதில்: மாட்டேன் அம்மா.

முதலில் பண்பாட்டைப் பார்ப்போம். 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனுக்கு வந்து இறங்கினார்களே, அவர்கள் பிறந்த மண்ணில் இந்தச் செடி தெரியாத ஊர் இல்லை. சித்த வைத்தியத்தில்கூட அதற்கு இடம் உண்டு. பத்தே வருடம் கழித்து, 1870-ல், டர்பன் அன்று இருந்த நேட்டால் காலனியின் அரசு ஒரு சட்டம் போட்டது. கூலிகள் கஞ்சா புகைக்கக் கூடாது, கையில் வைத்திருக்கக் கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவோ இனாமாகக் கொடுக்கவோ கூடாது. கூலிகள் என்றால் நம் பாட்டன் பூட்டன்தான். வெள்ளைக்காரரை அந்தச் சட்டம் தொடவே இல்லை. கரும்பு வெட்டுகிற கை ஓய்ந்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. எல்லோருக்குமான தடை 1920-களில்தான் வந்தது. தோட்ட முதலாளிக்காக எழுதிய தடையை நம் பண்பாடு என்று மனுவில் போடாதீர்கள். எனக்கு மனசு வலிக்கிறது.

சரி, இன்றைக்கு வருவோம். 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், பெரியவர்கள் தனிமையில் பயன்படுத்துவதும் தங்களுக்கென்று வளர்ப்பதும் குற்றமில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. 2024 மே மாதம் ஜனாதிபதி ராமபோசா அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். விற்பனை மட்டும் குற்றமாகவே நிற்கிறது. அதாவது, கொல்லைப்புறம் உள்ளவர் செடி வைத்துக்கொள்ளலாம். மாடி ஃப்ளாட்டில் இருக்கிற பையன் எங்கே போவான்? தெருமுனையில் நிற்கிறவனிடம்தான் போவான். அவன் சட்டைப்பையில் கஞ்சாவோடு, ஹெராயின் கலந்த 'சுகர்ஸ்' பொட்டலமும் இருக்கும். 2000-களின் நடுவில் அந்தக் கலவை சாட்ஸ்வொர்த்துக்குள் புகுந்து எத்தனை வீட்டைக் காலி செய்தது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கஞ்சா வாங்கப் போகிற பிள்ளையை அந்த ஆளிடம் அனுப்புவது இந்த அரைகுறைச் சட்டம்தான்.

கஞ்சா தீங்கில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். வளரும் வயதில் தினமும் புகைத்தால் மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். அதனால்தான் கடை வேண்டும் என்கிறேன். லைசென்ஸ் உள்ள கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார். கேட்காவிட்டால் லைசென்ஸைப் பறிக்கலாம். தெருமுனை ஆளிடம் பறிக்க என்ன இருக்கிறது? உருகுவேயில் 2017 முதல் மருந்துக்கடையிலேயே கொடுக்கிறார்கள். பதிவு செய்த பெரியவர்களுக்கு மட்டும், மாதம் 40 கிராமுக்கு மேல் கிடையாது. இங்கேயும் அப்படித்தான் வர வேண்டும். விளம்பரம் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு அருகில் கூடாது. பாட்டில் ஸ்டோர் என்ற மதுக்கடைகளைத் தெருவுக்குத் தெரு திறந்துவிட்ட மாதிரி இதையும் திறந்துவிட்டால், உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

அப்புறம், அந்த மனுவைக் கிழித்துப் போட வேண்டாம். சுகர்ஸில் விழுந்த பிள்ளைகளுக்குக் காசில்லாமல் சிகிச்சை தரும் இடம் சாட்ஸ்வொர்த்திலேயே வேண்டும் என்று மாற்றி எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.